ஆக்னெஷ் ஸாவய்: ஹங்கேரிய வீராங்கனையின் தொடக்க ஆண்டுகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆக்னெஷ் ஸாவய் யார்? இந்தப் பக்கம் அவருடைய வாழ்க்கையின் எந்தப் பகுதியைப் பற்றியது?

ஆக்னெஷ் ஸாவய் 1988 டிசம்பர் 29 அன்று ஹங்கேரியில் பிறந்த டென்னிஸ் வீராங்கனை. 16 வயதில் ஃபிரெஞ்சு ஓபன் ஜூனியர் பட்டத்தை வென்றார். 18 வயதில், ஒரே பருவத்தில், உலகத் தரவரிசையில் 200 ஆவது இடத்தின் அருகிலிருந்து முதல் 20 பேருக்குள் வந்து சேர்ந்தார். 2008 ஏப்ரலில் 13 ஆவது இடத்தைத் தொட்டார். 24 வயதில் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஓய்விலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். முதுகுக் காயத்தால் பாதியில் நின்றுபோன கதை என்பதற்கு மேல் எதுவும் நினைவில் இல்லாததுபோல அவரைக் கடந்து விடுகிறார்கள். இங்கே 2005 முதல் 2008 வரையிலான ஆண்டுகளைத்தான் முதன்மையாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். பின்னாளில் என்ன நடந்தது என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த நான்கு ஆண்டுகளில் அந்த இளம்பெண் ஆடுகளத்தில் என்ன செய்தார் என்பதை மட்டும் பார்த்தாலே அது நிறைவான ஒரு வரலாறு.

பெயரை எப்படி உச்சரிப்பது?

ஆங்கில எழுத்துகளை அப்படியே படிப்பதால் 'ஆக்னஸ் சாவே', 'ஸ்ஸாவே' என்றெல்லாம் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலித்ததுண்டு. ஹங்கேரிய மொழியில் தனித்து வரும் 'எஸ்' எழுத்துக்கு 'ஷ்' ஒலி. 'எஸ்', 'இசட்' இரண்டும் சேர்ந்து வந்தால்தான் 'ஸ்' ஒலி. ஆகவே முதற்பெயர் 'ஆக்னெஷ்' என்று முடியும். குடும்பப்பெயர் 'ஸா' என்று நெடிலாகத் தொடங்கும். அதன் இரண்டாம் பகுதியில் வரும் உயிரொலி நம் அகரத்துக்கும் ஒகரத்துக்கும் இடைப்பட்டது என்பதால் 'ஸாவய்' என்றோ 'ஸாவொய்' என்றோ எழுதலாம். ஹங்கேரியர்கள் குடும்பப்பெயரை முன்னால் வைப்பவர்கள். அவர் ஊரில் அவர் 'ஸாவய் ஆக்னெஷ்' தான்.

அவர் எந்தச் சூழலில் வளர்ந்தார்?

பிறந்த ஊர் கிஷ்குன்ஹலஷ்; வளர்ந்த ஊர் அதனருகே உள்ள ஷோல்ட்வட்கெர்ட். இரண்டும் தெற்கு ஹங்கேரியில், டான்யூப், டிஸா ஆகிய இரண்டு ஆறுகளுக்கு நடுவே பரந்து கிடக்கும் மணற்பாங்கான சமவெளியில், பாச்-கிஷ்குன் மாவட்டத்தில் இருக்கின்றன. கிஷ்குன்ஹலஷ் கையால் செய்யும் லேஸ் வேலைப்பாட்டுக்குப் பெயர்பெற்றது. ஷோல்ட்வட்கெர்ட் திராட்சைத் தோட்டங்களும் ஒயினும் நிறைந்த சிறு நகரம். ஹங்கேரியில் விளையாட்டு வசதிகள் பெரிதும் தலைநகர் புடாபெஸ்டில் குவிந்திருப்பவை என்பதால், இப்படியொரு சிற்றூரிலிருந்து உலக அளவில் ஒரு டென்னிஸ் ஆட்டக்காரர் புறப்பட்டு வந்ததைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

மத்திய ஐரோப்பாவின் பிற நாடுகளைப் போலவே அங்கும் கோடைக் காலத்து டென்னிஸ் என்றால் சிவப்புக் களிமண் தரைதான். களிமண்ணில் பந்து தரைபட்டதும் வேகம் குறைந்து உயர எழும். ஒரே அடியில் புள்ளியை முடிக்க முடியாது. பொறுமையாகப் புள்ளியைக் கட்டியெழுப்ப வேண்டும். அந்தத் தரையில் பழகிய கால்கள் சறுக்கி நிற்கக் கற்றுக்கொள்கின்றன. ஸாவயின் ஆட்டத்திலும் இந்த வளர்ப்பின் சாயல் உண்டு. ஆனால் அவருடைய மிகப் பெரிய வெற்றிகள் கடினத் தரையில் கிடைத்தவை. இதற்குக் கீழே மீண்டும் வருகிறோம்.

ஜூனியர் காலத்தில் அவர் எதைச் சாதித்தார்?

2005 ஆம் ஆண்டு அவருக்கு 16 வயது. கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளில் அந்த ஆண்டின் முதலாவதான ஆஸ்திரேலிய ஓபனில் ஜூனியர் பெண்கள் ஒற்றையர் இறுதிக்கு வந்தார். பெலாரஸின் விக்டோரியா அசரென்காவிடம் 2–6, 2–6 என்று தோற்றார். அடுத்த கிராண்ட் ஸ்லாமான ஃபிரெஞ்சு ஓபனில், தான் பழகிய சிவப்புக் களிமண்ணில், ருமேனியாவின் ரலூகா ஓலாருவை 6–2, 6–1 என்று வென்று ஜூனியர் சாம்பியன் ஆனார். நான்கு மாத இடைவெளியில், இறுதிப் போட்டியில் எளிதாகத் தோற்றவர் என்ற நிலையிலிருந்து எளிதாக வென்றவர் என்ற நிலைக்கு அவர் மாறியிருந்தார்.

இரட்டையரில் கதை இன்னும் சுவையானது. மெல்போர்னில் தன்னைத் தோற்கடித்த அதே அசரென்காவுடன் இணைந்து பாரிஸில் ஜூனியர் இரட்டையர் பட்டத்தை வென்றார். சில வாரங்கள் கழித்து விம்பிள்டனின் புல்தரையிலும் அதே இணை பட்டம் பெற்றது. எனவே 2005 ஃபிரெஞ்சு ஓபனிலிருந்து ஸாவய் வீட்டுக்கு எடுத்துச் சென்றது ஒரு கோப்பை அல்ல, இரண்டு. ஒற்றையரில் எதிரெதிரே நின்று ஆடிக்கொண்டே இரட்டையரில் ஒரே பக்கம் நிற்பது ஜூனியர் டென்னிஸில் வழக்கம்தான். ஆனாலும், இறுதிப் போட்டியில் தன்னை வென்றவரின் ஆட்டத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு ஒரு 16 வயதுப் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய பாடமாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஜூனியர் பட்டம் வென்றவர்கள் எல்லோரும் பெரியவர்களுக்கான போட்டிகளிலும் வெல்கிறார்களா?

இல்லை. கிராண்ட் ஸ்லாம் ஜூனியர் சாம்பியன்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தால், பின்னாளில் யாரும் கேள்விப்படாத பெயர்கள் நிறையவே இருக்கும். அந்த வகையில் 2005 விதிவிலக்கான ஆண்டு. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் அசரென்கா, பாரிஸில் ஸாவய், விம்பிள்டனில் போலந்தின் அக்னியெஷ்கா ராட்வான்ஸ்கா என்று அந்த ஆண்டின் நான்கு பட்டங்களையும் மூவர் பகிர்ந்துகொண்டார்கள். அவர்களில் அசரென்கா 2012 இல் உலகின் முதல் இடத்தைப் பிடித்தார். ராட்வான்ஸ்கா அதே ஆண்டு விம்பிள்டன் இறுதியில் ஆடி, தரவரிசையில் இரண்டாம் இடம் வரை சென்றார்.

இந்த ஒப்பீட்டை வைத்துத்தான் ஸாவயைக் குறைத்துப் பேசுகிறார்கள். ஆனால் 2007 ஆம் ஆண்டு முடிந்தபோது இந்த மூவரில் தரவரிசையில் முன்னால் நின்றவர் ஸாவய்தான். பெரியவர்களுக்கான டபிள்யூ.டி.ஏ. (பெண்கள் டென்னிஸ் சங்கம்) ஒற்றையர் பட்டத்தை மூவரில் முதலில் வென்றவரும் அவரே. ராட்வான்ஸ்காவின் முதல் பட்டம் சில வாரங்கள் கழித்து ஸ்டாக்ஹோமில் வந்தது. அசரென்கா 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மூவரும் ஒரே கோட்டிலிருந்து புறப்பட்டார்கள் என்பதும், அவர்களில் முதலில் வேகம் பிடித்தவர் ஸாவய் என்பதும் அவருடைய தொடக்க ஆண்டுகளை எடைபோடும்போது மறந்துவிடக் கூடாத உண்மைகள்.

2005 க்கும் 2007 க்கும் நடுவே ஏன் அவருடைய பெயர் அதிகம் கேட்கப்படவில்லை?

இதற்கு விளையாட்டின் அமைப்பே பாதி விடை தருகிறது. மிக இளம் வயதிலேயே பெண்கள் தொடர் பயணங்களாலும் போட்டிகளாலும் உடலும் மனமும் சோர்ந்து போவதைக் கண்ட பெண்கள் டென்னிஸ் சங்கம், 1990களின் நடுப்பகுதியில் வயது வரம்பு விதிகளைக் கொண்டுவந்தது. அதன்படி 18 வயது நிறைவடையும் வரை ஒரு வீராங்கனை ஆண்டுக்கு எத்தனை தொழில்முறைப் போட்டிகளில் ஆடலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. வயது ஏற ஏற அந்த எண்ணிக்கை சிறிது சிறிதாகக் கூடும். குறைந்த போட்டிகள் என்றால் குறைந்த புள்ளிகள். குறைந்த புள்ளிகள் என்றால் தரவரிசையில் மெல்ல மெல்லத்தான் ஏற முடியும்.

தரவரிசையில் பின்னால் இருப்பவருக்குப் பெரிய போட்டிகளின் பிரதான சுற்றில் நேரடியாக இடம் கிடைக்காது. சிறிய பரிசுத் தொகைப் போட்டிகளில் ஆடிப் புள்ளி சேர்க்க வேண்டும். பெரிய போட்டி என்றால் தகுதிச்சுற்றில் வென்று உள்ளே வர வேண்டும். ஜூனியர் சாம்பியன் என்ற பட்டம் அந்த வரிசையில் யாரையும் முன்னால் தள்ளி விடாது. பாரிஸில் கோப்பை ஏந்திய பெண் அடுத்த மாதமே பார்வையாளர்கள் ஒருவர்கூட இல்லாத ஒரு சிறிய மைதானத்தில், தன்னைவிடப் பத்து வயது மூத்தவரோடு முதல் சுற்றில் மோதிக்கொண்டிருப்பது இந்த விளையாட்டில் அன்றாட நிகழ்ச்சி.

ஸாவய் 2006 டிசம்பர் 29 அன்று 18 வயதை நிறைவு செய்தார். ஆகவே 2007 அவர் எந்த வயது வரம்பும் இன்றி ஆடத் தொடங்கிய முதல் பருவம். அந்தப் பருவத்திலேயே அவர் பாய்ந்தார். இரண்டையும் காரணம், விளைவு என்று முடிச்சுப்போட்டுவிட முடியாது. திறமை இல்லாதவருக்கு நாள்காட்டி திறந்துவிட்டும் பயனில்லை. ஆயினும் 'திடீரென்று எங்கிருந்தோ வந்தார்' என்று அன்றைய செய்திகள் எழுதியது சரியல்ல. கதவு திறக்கும் நாளுக்காக அவர் ஆயத்தமாகக் காத்திருந்தார் என்பதே பொருத்தம்.

2007 கோடையில் உண்மையில் என்ன நடந்தது?

கதை ஜூலையில் இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள பலெர்மோவில் தொடங்குகிறது. அது களிமண் தரையில் நடக்கும் சிறிய போட்டி, அன்றைய டபிள்யூ.டி.ஏ. வகைப்பாட்டில் நான்காம் நிலையைச் சேர்ந்தது. இறுதியில் ஜெர்மனியின் மார்ட்டினா முல்லரை 6–0, 6–1 என்று வென்று ஸாவய் தன் முதல் ஒற்றையர் பட்டத்தைப் பெற்றார். முதல் முறையாக ஒரு பட்டத்துக்காக ஆடும் 18 வயதுப் பெண், எதிராளிக்கு ஒரே ஒரு கேமை மட்டும் விட்டுக்கொடுத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் இறுதிப் போட்டியில் கை நடுங்குவதே இயல்பு. அவருக்கு நடுங்கவில்லை.

ஆகஸ்டில் அமெரிக்காவின் நியூ ஹேவன். இது இரண்டாம் நிலைப் போட்டி; தரையும் வேறு, எதிராளிகளின் தரமும் வேறு. அங்கும் இறுதி வரை வந்த ஸாவய், 2004 அமெரிக்க ஓபன் சாம்பியனான ரஷ்யாவின் ஸ்வெட்லானா குஸ்நெட்சோவாவை எதிர்கொண்டு முதல் செட்டை 6–4 என்று கைப்பற்றினார். இரண்டாம் செட்டில் 0–3 என்று பின்தங்கியிருந்தபோது கீழ்முதுகு வலியால் மேற்கொண்டு ஆட முடியாமல் விலகினார். இந்த ஒரு வரியை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்த வலியோடு போன வீராங்கனை சில நாட்களிலேயே தொடங்கிய அமெரிக்க ஓபனில் காலிறுதி வரை சென்றார். மூன்றாம் சுற்றில், போட்டியின் முன்னணித் தரவரிசை பெற்றவர்களுள் ஒருவரான நாடியா பெட்ரோவாவை 6–4, 6–4 என்று நேர் செட்களில் வீழ்த்தினார். நான்காம் சுற்றில் உக்ரைனில் பிறந்த யூலியா வாகுலென்கோவை வென்றார். காலிறுதியில் மறுபடியும் குஸ்நெட்சோவா. இம்முறை 1–6, 4–6 என்று தோல்வி. இரண்டே வாரங்களுக்குள் ஒரே எதிராளியிடம் இரண்டு முறை தடுக்கப்பட்டார். குஸ்நெட்சோவா அந்தத் தொடரின் இறுதி வரை சென்றவர் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு கிராண்ட் ஸ்லாமின் ஒற்றையர் காலிறுதியில் ஸாவய் ஆடியது அந்த ஒரு முறைதான்.

செப்டம்பரில் பெய்ஜிங். அதற்குத் தனிக் கேள்வியே தகும்.

பெய்ஜிங் இறுதிப் போட்டி ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

பெய்ஜிங்கில் நடக்கும் சீன ஓபன் அப்போது இரண்டாம் நிலைப் போட்டி. இறுதியில் எதிரே நின்றவர் செர்பியாவின் யெலெனா யான்கோவிச். அன்று உலகின் முதல் சில இடங்களுக்குள் இருந்தவர், களத்தின் எந்த மூலைக்கும் ஓடிப் பந்தைத் திருப்பித் தருவதில் பெயர்பெற்றவர். முதல் செட் 6–6 என்ற சமநிலையை முறிக்கும் டைபிரேக்கர் வரை போய், 6–7 என்று யான்கோவிச் வசமானது. இரண்டாம் செட்டில் ஸாவய் வெகுவாகப் பின்தங்கினார். யான்கோவிச்சுக்கு ஒரு மேட்ச் பாயிண்ட், அதாவது வென்றால் ஆட்டமே முடிந்துவிடும் ஒரு புள்ளி, கிடைத்தது. அந்தப் புள்ளியை ஸாவய் காப்பாற்றினார். அந்த செட்டை 7–5 என்று மீட்டார். மூன்றாம் செட்டை 6–2 என்று முடித்தார்.

இந்த மூன்று எண்களையும் வரிசையாகப் படித்தாலே ஆட்டத்தின் போக்கு விளங்கும். டைபிரேக்கரில் இழந்த முதல் செட், விளிம்பிலிருந்து மீட்ட இரண்டாம் செட், எதிராளி மனம் தளர்ந்துபோன மூன்றாம் செட். யான்கோவிச்சைப் போன்ற தற்காப்பு ஆட்டக்காரருக்கு எதிராக மேட்ச் பாயிண்டில் நிற்கும்போது, பந்தைப் பத்திரமாகத் திருப்பித் தந்து அவர் தவறுக்காகக் காத்திருப்பது வீண், அவர் தவறமாட்டார். துணிந்து அடிப்பதைத் தவிர வழியில்லை. அந்தத் துணிவு 18 வயதுப் பெண்ணிடம் இருந்தது. அவருடைய தொடக்க ஆண்டுகளிலிருந்து ஒரே ஓர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

ஆட்டமுறையில் அவருடைய தனிச்சிறப்பு என்ன?

இரு கைகளாலும் அடிக்கும் பேக்ஹேண்ட், அதாவது ஆடும் கைக்கு எதிர்ப்பக்கம் வரும் பந்தை அடிக்கும் அடி. வலக்கை ஆட்டக்காரர்கள் பலருக்கு ஃபோர்ஹேண்ட் ஆயுதம், பேக்ஹேண்ட் கேடயம். ஸாவயிடம் இது தலைகீழாக இருந்தது. குறிப்பாக, பக்கக் கோட்டை ஒட்டி நேராக அவர் அடித்த பேக்ஹேண்ட் அன்றைய பெண்கள் டென்னிஸின் மிக அழகான அடிகளுள் ஒன்று.

அது ஏன் கடினமான அடி என்பதை விளக்க வேண்டும். டென்னிஸ் வலையின் உயரம் நடுவில் 91.4 சென்டிமீட்டர், இரு முனைகளிலும் 107 சென்டிமீட்டர். குறுக்காக அடிக்கும் பந்து வலையின் தாழ்ந்த நடுப்பகுதியைக் கடக்கும். களத்தின் மூலைவிட்டம் நீளமானது என்பதால் பந்து உள்ளே விழ இடமும் கூடுதல். நேராக அடித்தால் உயர்ந்த வலை, குறைந்த நீளம், பக்கத்திலேயே வெளிக்கோடு. அதிலும், எதிரிலிருந்து குறுக்காக வரும் பந்தின் திசையையே மாற்றி அனுப்ப வேண்டும். ஒரு நொடி தாமதித்தாலும் பந்து வெளியே போய்விடும். ஆகவே பெரும்பாலோர் அந்த அடியை அரிதாகவே பயன்படுத்துவார்கள். ஸாவய் நெருக்கடியான நேரத்தில் அதை நாடியவர்.

களிமண்ணில் வளர்ந்தவர் கடினத் தரையில் வென்றதற்கும் இதில்தான் விளக்கம் இருக்கிறது என்று கருதுகிறேன். களிமண் அவருக்குப் புள்ளியைக் கட்டும் பொறுமையைக் கொடுத்தது. ஆனால் பந்தை அது எழும்போதே எதிர்கொண்டு தட்டையாக அடிக்கும் அவருடைய பேக்ஹேண்டுக்குப் பலன் கிடைத்தது, பந்து ஒரே சீராக எழும்பும் கடினத் தரையில்தான்.

'ஆண்டின் புதுமுகம்' விருது அவருக்குக் கிடைத்ததா?

ஆம். 2007 ஆம் ஆண்டுக்கான டபிள்யூ.டி.ஏ. புதுமுக வீராங்கனை விருது அவருக்கு வழங்கப்பட்டது. 2005 இல் அதே விருதைப் பெற்றவர் ஹைதராபாத்தின் சானியா மிர்ஸா; 2006 இல் ராட்வான்ஸ்கா; ஸாவய்க்கு அடுத்து 2008 இல் டென்மார்க்கின் கரோலின் வோஸ்னியாக்கி.

13 ஆவது இடத்தை அவர் 2008 ஏப்ரலில் தொட்டு, அதற்குமேல் போகாதது ஏன்?

தரவரிசை கணக்கிடப்படும் விதம் தெரிந்தால் இதில் புதிர் எதுவுமில்லை. எந்த நாளிலும் ஒரு வீராங்கனையின் தரவரிசை என்பது அதற்கு முந்தைய 52 வாரங்களில் அவர் சேர்த்த புள்ளிகளின் நிலை. சென்ற ஆண்டு ஒரு போட்டியில் கிடைத்த புள்ளிகள் இந்த ஆண்டு அதே வாரம் வரும்போது கணக்கிலிருந்து கழிந்துவிடும். அதே அளவு மீண்டும் வென்றால்தான் இடம் நிலைக்கும்.

2008 பிப்ரவரியில் பாரிஸில் உள்ளரங்கில் நடந்த போட்டியில் ஸாவய் இறுதி வரை சென்று, ரஷ்யாவின் அன்னா சக்வெடாட்ஸேவிடம் மூன்று செட்களில் தோற்றார். ஏப்ரல் 14 அன்று 13 ஆவது இடத்தை அடைந்தபோது, பலெர்மோ, நியூ ஹேவன், அமெரிக்க ஓபன், பெய்ஜிங், பாரிஸ் ஆகிய ஐந்து போட்டிகளின் புள்ளிகளும் ஒரே நேரத்தில் அவர் கணக்கில் இருந்தன. ஜூலை வந்ததும் அவை ஒவ்வொன்றாகக் கழியத் தொடங்கின. முந்தைய கோடையில் அவர் ஏறிய ஏணியின் ஒவ்வொரு படியும் இப்போது மீண்டும் கட்டிக்காக்க வேண்டிய ஒன்றாகிவிட்டது. 2008 விம்பிள்டனில் நான்காம் சுற்று வரை சென்று சீனாவின் ஜெங் ஜியேயிடம் தோற்றது நல்ல முடிவுதான்; ஆனால் அந்த ஆண்டு பெய்ஜிங் பட்டம் யான்கோவிச்சுக்குப் போனது.

ஒரு வீராங்கனையின் இரண்டாம் பருவம் முதல் பருவத்தைவிடக் கடினமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். மற்றொன்று, எதிராளிகள் அவரைப் படித்துவிடுகிறார்கள். பேக்ஹேண்ட் பக்கம் பந்தைக் கொடுக்கக் கூடாது என்பது 2007 இல் பலருக்குத் தெரியாது; 2008 இல் எல்லோருக்கும் தெரியும்.

முதுகுக் காயம் எப்போது தொடங்கியது?

ஆட்டம் முடியும் முன்பே முதுகு வலியால் அவர் விலகியதை உலகம் கண்டது 2007 நியூ ஹேவன் இறுதியில். அதாவது, அவருடைய எழுச்சியின் நடுவிலேயே. காயம் அவருடைய வெற்றிகளுக்குப் பின்னால் வந்து வாழ்க்கையைக் கெடுத்தது என்று பொதுவாகச் சொல்வது அதனால்தான் எனக்கு உடன்பாடில்லாத கூற்று. அமெரிக்க ஓபன் காலிறுதியையும் பெய்ஜிங் பட்டத்தையும் அவர் பெற்றது அந்த வலிக்குப் பிறகு.

சர்வீஸ் போடும்போது முதுகுத்தண்டு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் திரும்பி, பிறகு ஒரு நொடிக்குள் முன்னால் மடிகிறது. இரு கை பேக்ஹேண்டில் இடுப்பும் தோளும் எதிரெதிர்த் திசையில் முறுகி விடுபடுகின்றன. ஒரே ஆட்டத்தில் இந்த அசைவுகள் நூற்றுக்கணக்கில் நிகழும்போது சுமையின் பெரும்பகுதி இடுப்புக்கு மேலே உள்ள கீழ்முதுகில் இறங்குகிறது. வளர்ச்சி முற்றுப்பெறாத வயதிலிருந்தே இதைச் செய்பவர்களுக்குக் கீழ்முதுகுக் காயம் இந்த விளையாட்டில் மிகவும் பரவலானது. 2010 க்குப் பிறகு ஸாவயின் முதுகு அவரை நீண்ட காலம் களத்துக்கு வெளியே நிறுத்தியது; 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நாட்டுக்காக ஆடும் அளவுக்கு மீண்டு வந்தாலும், 2013 இல் ஓய்வை அறிவித்தார்.

அவருக்கு முன்பு ஹங்கேரியில் இப்படியொரு இளம் வீராங்கனை இருந்தாரா?

இருந்தார். புடாபெஸ்டில் 1966 இல் பிறந்த ஆண்ட்ரியா டெமெஷ்வாரி 1983 இல், 17 வயதில், அப்போது பெருஜியாவில் நடந்த இத்தாலிய ஓபனை வென்றார். இறுதியில் அமெரிக்காவின் போனி கடுசெக்கை 6–1, 6–0 என்று தோற்கடித்தார். 1984 ஜனவரியில் உலகின் ஏழாம் இடத்தில் இருந்தார். பிறகு காயங்களும் அறுவை சிகிச்சைகளும் அவரைத் துரத்தின. ஆனாலும் 1986 இல் மார்ட்டினா நவரத்திலோவாவுடன் ஃபிரெஞ்சு ஓபன் இரட்டையர் பட்டத்தை வென்றார். ஸாவய் 2007 இல் எழுந்தபோது ஹங்கேரியில் வயதானவர்கள் உடனே டெமெஷ்வாரியை நினைத்திருப்பார்கள்.

ஒற்றையரில் கிராண்ட் ஸ்லாம் வென்ற ஒரே ஹங்கேரியப் பெண் ஷுஷா கெர்மெட்ஸி. 1958 இல் அவர் ஃபிரெஞ்சு சாம்பியன்ஷிப்பை (இன்றைய ஃபிரெஞ்சு ஓபன்) வென்றபோது வயது 33. போர்க்காலத்தில் யூதராக ஹங்கேரியில் உயிர்தப்பியவர். இளமைப் பருவத்தின் பெரும்பகுதி போரோடு போனவர். நாட்டின் மிகப் பெரிய வெற்றி 33 வயதில் ஒருவருக்குக் கிடைத்திருக்க, அதன் மிக ஒளிமிக்க இரண்டு இளம் எழுச்சிகளும் 17, 18 வயதில் நிகழ்ந்து உடலால் தடுக்கப்பட்டன.

தொடக்க ஆண்டுகளுக்குப் பிறகு அவர் எதையும் வெல்லவில்லையா?

வென்றார். 2009 ஃபிரெஞ்சு ஓபனின் மூன்றாம் சுற்றில் வீனஸ் வில்லியம்ஸை 6–0, 6–4 என்று வீழ்த்தினார். வீனஸுக்கு ஒரு செட்டில் ஒரு கேமைக்கூட விட்டுக்கொடுக்காமல் ஆடுவது எந்த நாளிலும் எவருக்கும் எளிதல்ல. அடுத்த சுற்றில் ஸ்லோவாக்கியாவின் டொமினிகா சிபுல்கோவாவிடம் தோற்றார். அதே கோடையில் புடாபெஸ்டில், சொந்த நாட்டு மக்கள் முன்னிலையில், சுவிட்சர்லாந்தின் பாட்டி ஷ்னைடரை இறுதியில் வென்று பட்டம் பெற்றார்; 2010 இல் அதே இடத்தில், அதே ஷ்னைடரை மீண்டும் இறுதியில் வென்றார்; அடுத்த வாரமே பிராக் நகரிலும் பட்டம். மொத்தம் ஐந்து ஒற்றையர் பட்டங்கள். முதல் இரண்டைப் பெறும்போது வயது 18. கடைசியைப் பெறும்போது 21.

அவருக்குப் பிறகு வந்த ஹங்கேரிய வீராங்கனைகள் யார்?

ஷோப்ரோன் நகரில் 1993 இல் பிறந்த டீமெயா பாபோஷ் 2012 இல் மெக்சிகோவின் மான்டெரேயில் தன் முதல் ஒற்றையர் பட்டத்தை வென்றார். பின்னர் இரட்டையரில் பிரான்ஸின் கிறிஸ்டினா மிளாடெனோவிச்சுடன் நான்கு கிராண்ட் ஸ்லாம் பட்டங்களைப் பெற்றார்; இதற்கிடையே 2018 இல் இரட்டையர் தரவரிசையின் முதல் இடத்துக்கு வந்தார். 1998 இல் பிறந்த டால்மா கால்ஃபி 2015 இல் அமெரிக்க ஓபன் ஜூனியர் ஒற்றையரை வென்றார். அதே ஆண்டு விம்பிள்டன் ஜூனியர் இரட்டையரை ஃபன்னி ஷ்டொல்லாருடன் சேர்ந்து வென்றார். ஸாவயும் அசரென்காவும் அதே விம்பிள்டன் ஜூனியர் இரட்டையர் கோப்பையை ஏந்திச் சரியாகப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. இம்முறை இணையின் இருவருமே ஹங்கேரியர்கள்.